சால்வையில் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் கறுப்பா, பச்சையா?

அபர்டீனில் எதிர்வீட்டுப் பாட்டி தன் அம்மாவின் டார்ட்டன் (ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட) சால்வையைக் கொடுத்து, இதே மாதிரி ஒன்று நெய்து தரக் கேட்டார். பூச்சி அரித்துப் பாதி போய்விட்டது. நவம்பரில் அவருக்கு 90 வயது. அதற்குள் முடிக்க ஆசை. ஆனால் பாவு (நீளவாட்டு இழைகள்) போடவே முடியாமல் மூன்று வாரமாக நிற்கிறேன்.

கம்பளி, 2/2 ட்வில் நெசவு (சாய்கோடு விழும் நெசவு). நீலம், கறுப்பு, பச்சைக் கட்டங்கள், பார்த்தால் பிளாக் வாட்ச் என்ற பிரபல டார்ட்டன் போலவே. ஆனால் பச்சைப் பட்டையின் நடுவில் நாலிழை வெள்ளைக் கோடு. அதன் இருபுறமும் கறுப்பு இருந்தால் ஃபோர்ப்ஸ் குடும்பத்தின் டார்ட்டன், இல்லாமல் பச்சையே இருந்தால் லாமண்ட் குடும்பத்தினுடையது. சால்வை எந்தக் குடும்பப் பெயருக்கானது என்று பாட்டிக்கு நினைவில்லை.

சிக்கல் அந்த ஓர இழைகளில்தான். இரண்டிரண்டு இழை, மங்கிய பழுப்பு நிறம். பூதக்கண்ணாடியில் பாவிலும் ஊடையிலும் (குறுக்கு இழைகளிலும்) எண்ணிவிட்டேன், எண்ணிக்கை ஒத்துப்போகிறது. மடிப்பின் உள்ளேயும் பார்த்தாயிற்று; அங்கே கொஞ்சம் கருமை, அவ்வளவுதான். ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் இரண்டையும் ஒப்பிட்டேன். அதில் இழைக்கணக்கு கிடைக்கும், வெளுத்த சாயத்துக்கு விடை கிடைக்காது. அப்புறம் ஒரு கடையில் காட்டினேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். மற்ற கறுப்புப் பட்டைகளும் லேசாகப் பழுத்துத்தான் இருக்கின்றன, அதனால் என் மனம் ஃபோர்ப்ஸ் பக்கம் சாய்கிறது. ஊகத்தை நம்பி அவர் அம்மாவின் சால்வையை மாற்றி நெய்துவிடக் கூடாது.

பழைய கம்பளியில் பழுத்துப்போன இழை முதலில் கறுப்பா பச்சையா என்று, துணியைக் கெடுக்காமல் எப்படி உறுதி செய்வது?