இரட்டைப் பிள்ளைகளும் முகம் பார்க்கும் மெஷினும்

கேள்வி:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு டைம் ஆபீஸ் வேலை. தீபாவளி முடிந்ததும் அட்டையை ஒழித்துவிட்டு, முகம் பார்த்து வருகை போடும் மெஷின் வைத்தார்கள். செக்கிங் பிரிவில் இரட்டைப் பிள்ளைகள், அக்கா தங்கை. மூக்குத்தி போட்டிருப்பது தங்கை, எனக்கே அதுதான் அடையாளம். மெஷினுக்கு மூக்குத்தியெல்லாம் ஒரு பொருட்டா? இரண்டு நாள் தங்கையின் முகத்தையும் அக்கா பெயரில் ஏற்றிவிட்டது. ஒரே ஆள் இரண்டு முறை வைத்ததாகக் கணக்காகி, சனிக்கிழமை தங்கைக்கு இரண்டு ஷிப்டு சம்பளம் இல்லை. மேனேஜரோ, "மெஷின் பொய் சொல்லாது" என்கிறார். அந்தப் பெண் வேலைக்கே வரவில்லை என்றும் பேச்சு கிளம்பிவிட்டது. இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில் 1:
பொய் சொல்லாது, ஆளை மாற்றிச் சொல்லும். ஆப்பிள் கம்பெனி, போனை முகம் பார்த்துத் திறக்கும் தன் ஃபேஸ் ஐடி வேறொருவர் முகத்துக்குத் திறக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்கிறது. இரட்டையர், சாயல் ஒத்த உடன்பிறப்புகள், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்றால் அந்த வாய்ப்பு கூடும் என்றும் அதுவே சொல்கிறது. மேனேஜரிடம் காட்டுங்கள்.

பதில் 2:
மெஷின் முகத்தை எண்களாக்கி, பதிவில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். பாஸ் மார்க் மாதிரி ஒரு வெட்டுப்புள்ளி உண்டு, அதைத் தாண்டி யார் முதலில் நிற்கிறாரோ அவர் பெயர் விழும். இப்போது மொத்தக் கம்பெனியிலும் 'இது யார்?' என்று தேடுகிறது. முதலில் நம்பர் அடித்து, அப்புறம் முகம் காட்டச் சொல்லுங்கள். 'இவர் இந்த நம்பர்காரர்தானா?' என்று மட்டும் பார்க்கும். அக்கா நம்பரைத் தங்கை வேண்டுமென்றே அடித்தால் மெஷின் கண்டுபிடிக்காது, அது வேறு விஷயம்.

பதில் 3:
அமெரிக்காவில், டெட்ராய்ட் போலீஸார் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரைக் கைக்கடிகாரத் திருட்டுக்காகக் கைது செய்தார்கள். கடைக் கேமராவின் மங்கல் படமும் அவருடைய பழைய லைசென்ஸ் படமும் ஒன்று என்று கணினி சொன்னதுதான் தொடக்கம். அந்தப் படத்தைத் தன் முகத்தருகே பிடித்து, நான் இல்லை என்று அவர் காட்டினார். அப்படியும் ஏறக்குறைய 30 மணி நேரம் காவலில் இருந்தார். உங்கள் மேனேஜர் மாதிரி ஆட்கள் அங்கேயும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. கேட் கேமராவைத் திருப்பிப் பார்த்தோம். இரண்டு நாளும் இருவரும் தூக்குப்போசியோடு ஒன்றாகவே உள்ளே வருகிறார்கள். விட்டுப்போன சம்பளம் இந்தச் சனிக்கிழமை சேர்ந்து வரும். நம்பர் அடிக்கும் முறையும் வந்தாயிற்று. எட்டரை மணிக்கு வரிசை கேட் வரை நிற்கிறது, திட்டு மொத்தமும் எனக்கு.