தகைவிலான் வால் ஞாயில்களின் காலமும் வரைபடமும்: மாஸ்கோ வெரோனாவை முந்துவது ஏன்?

கேள்வி (பதிவிட்டவர்: மதில்வரைவு)

அனைவருக்கும் வணக்கம். மறைந்து நின்று அம்பெய்வதற்காக மதிலின் உச்சியில் இடைவெளி விட்டு எழுப்பப்படும் ஞாயில்களுள், நடுவில் வெட்டு விழுந்து தகைவிலான் பறவையின் வாலைப் போல இரு கொம்புகளாகப் பிரிந்து நிற்கும் வகை ஒன்று உண்டு. வட இத்தாலியில் செறிந்து காணப்படும் இவ்வகை எங்கே தோன்றி எவ்வழியே பரவியது என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் கியூஜிஐஎஸ் மென்பொருளில் தயாரித்து வருகிறேன். இடங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்தும், ஆண்டுகளை விக்கித்தரவு போன்ற பொதுத் தரவுத்தளங்களிலிருந்தும் எடுத்தேன்.

காலப்பட்டையை நகர்த்தும்போது முடிவுகள் நம்பும்படியாக இல்லை. 1156-ஆம் ஆண்டுடன் மாஸ்கோ கிரெம்ளின் முதலில் தோன்றுகிறது. வெரோனாவின் காஸ்டல்வெக்கியோ கோட்டையோ 1354-இல்தான் வருகிறது. புளோரன்ஸின் பலாட்சோ வெக்கியோ மாளிகையை எந்த வடிவத்தில் சேர்ப்பது என்பதும் விளங்கவில்லை. மேலும், இவ்வடிவம் இடைக்கால இத்தாலியில் புனித உரோமைப் பேரரசரை ஆதரித்த கிபெலின் கட்சியினருடையது என்றும், சதுர வடிவம் போப்பை ஆதரித்த குவெல்ஃப் கட்சியினருடையது என்றும் எங்கும் எழுதப்பட்டிருப்பதால், கட்சி வாரியாக நிறம் கொடுக்கலாமா என்றும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 (செங்கல்சுவடு)

உங்கள் தரவுத்தளங்கள் தரும் ஆண்டு, அந்த இடத்தில் முதன்முதலாகக் கோட்டை எழுந்த ஆண்டு. இன்று மதிலின் மேல் நிற்கும் ஞாயிலின் வயதுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. 1156-இல் மாஸ்கோவில் எழுந்தது மரக்கோட்டை. அதன் இடத்தில் 1367-இல் வெண்சுண்ணக் கல்லால் மதில் எழுப்பப்பட்டது. நாம் இன்று காணும் செங்கல் மதிலை, மூன்றாம் இவான் காலத்தில் 1485-க்கும் 1495-க்கும் இடையில், பியெத்ரோ அந்தோனியோ சோலாரி முதலிய இத்தாலியக் கட்டடக் கலைஞர்களே கட்டினார்கள். சோலாரி மிலானிலிருந்து சென்றவர். எனவே அங்குள்ள இரட்டைக் கொம்பு வடிவம் வெரோனாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது. பரவிய திசையும் நீங்கள் எதிர்பார்த்ததுதான்: இத்தாலியிலிருந்து மாஸ்கோவுக்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் சீரமைப்புப் பணிகளில் இருக்கிறது. ஞாயில்கள் மதிலின் மிக மெல்லிய, மிக உயரமான பகுதி என்பதால், மழையும் உறைபனியும் பீரங்கியும் முதலில் அழிப்பவை அவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீரமைப்பாளர்கள் முதலில் மீட்டெழுப்ப விரும்பியவையும் அவையே. மிலானின் ஸ்ஃபோர்ட்சா கோட்டையை லூக்கா பெல்த்ராமி 1890-களிலிருந்து பெருமளவில் மீட்டமைத்தார். வெடிமருந்து வெடித்ததால் 1521-இல் இடிந்த அதன் நுழைவாயில் கோபுரம் மீண்டும் எழுந்து திறக்கப்பட்டது 1905-இல்தான். காஸ்டல்வெக்கியோவும் 1920-களில் விரிவான மீட்டமைப்புக்கு உட்பட்டது. ஆகவே அடிமதிலின் ஆண்டை உச்சிக்கு ஒருபோதும் கடன் கொடுக்காதீர்கள்.

நான் மிகவும் நம்பும் சான்று, பிற்காலத்தில் உயர்த்தப்பட்ட மதில்களுக்குள் புதைந்து கிடக்கும் ஞாயில்களே. மதிலை உயர்த்தியபோதோ அதன் மேல் கூரை அமைத்தபோதோ ஞாயில்களுக்கு இடையிலிருந்த வெளிகளைச் செங்கல்லால் அடைத்துவிட்டு, அதற்கு மேல் கட்டிக்கொண்டு போனார்கள். அடைப்புக்கும் பழைய கட்டுக்கும் இடையே தெரியும் நேர்கோட்டுப் பொருத்து, கொம்புகளின் வெளிவரையை அப்படியே காட்டிவிடும். மேலே கட்டிய பகுதியின் காலம் தெரிந்தால், அதற்கு முன்னரே அவ்வடிவம் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். சீரமைப்பாளரின் கை படாத வடிவம் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். இவற்றைத் தேடிச் சேர்க்குமாறு உங்களை மிகவும் வேண்டுகிறேன்; பெரும்பாலான வரைபடங்களில் இவை விடுபட்டே போகின்றன.

ஆய்வுக்கூடச் சோதனைகளை எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். வெப்ப ஒளிர்வு முறை செங்கல் சூளையில் சுடப்பட்ட காலத்தைச் சொல்லுமே தவிர, அது மதிலில் வைக்கப்பட்ட காலத்தைச் சொல்லாது. இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய செங்கல்லை மீண்டும் பயன்படுத்துவது எல்லாக் காலத்திலும் வழக்கம். சுண்ணச் சாந்தைக் கார்பன் முறையில் சோதிக்கும்போது, அதில் கலந்த சுண்ணக்கல் துகள்கள் முடிவைப் பழமையாக்கிக் காட்டக்கூடும். சாந்து போர்ட்லாந்து சிமெண்டாக இருந்தால் சோதனையே வேண்டாம். அது 1824-க்குப் பிந்தியது.

மறுமொழி 2 (அடிஜேக்கரை)

கட்சி நிறம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெரோனாவின் தெல்லா ஸ்காலா குடும்பத்தினர் பேரரசரின் பக்கம் நின்றவர்கள் என்பதால் அவர்களுடைய சிர்மியோனே, காஸ்டல்வெக்கியோ கோட்டைகளுக்கு அந்த விளக்கம் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் 1299-இல் தொடங்கப்பட்ட பலாட்சோ வெக்கியோ, குவெல்ஃப் நகரமான புளோரன்ஸின் ஆட்சி மாளிகை. அதன் உடற்பகுதியின் உச்சியில் சதுர ஞாயில்களும், அதே மாளிகையின் கோபுரத்தில் இரட்டைக் கொம்பு ஞாயில்களும் நிற்கின்றன. மாஸ்கோ மன்னருக்கோ இந்தச் சண்டையில் பங்கே கிடையாது. ஒரு வட்டாரத்துக் கொத்தர்களின் பழக்கம், கட்டுவித்தவரின் விருப்பம், பின்வந்த சீரமைப்பாளரின் ஊகம் ஆகிய மூன்றுமே வடிவத்தைத் தீர்மானித்திருக்கலாம். வடிவத்தை மட்டும் குறியுங்கள். கட்டுவித்தவர் யார் என்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

மதில்வரைவு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. காஸ்டல்வெக்கியோவை ஒட்டி அடிஜே ஆற்றைக் கடக்கும் ஸ்காலிஜர் (தெல்லா ஸ்காலா குடும்பப்) பாலத்தை, பின்வாங்கிய ஜெர்மானியப் படை 1945 ஏப்ரலில் தகர்த்தது. பின்னர் அது பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 1951-இல் நிறைவடைந்தது. இதற்கு எந்த ஆண்டை இடுவது? மேலும், ஒரே மாளிகையில் இரண்டு வடிவங்கள் இருந்தால் ஒரு புள்ளியில் அதை எவ்வாறு காட்டுவது?

மறுமொழி 3 (நிலப்படம்)

இரண்டு ஐயங்களுக்கும் காரணம், ஒரு கோட்டைக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஓர் ஆண்டு என்ற அட்டவணை அமைப்பே. புள்ளிகளை முகவரிக்காக மட்டும் வைத்துக்கொண்டு, மதில் துண்டுகளையும் கோபுர உச்சிகளையும் தனித்தனிக் கோடுகளாக வேறொரு அடுக்கில் வரையுங்கள். பலாட்சோ வெக்கியோவுக்கு அப்போது இரண்டு பதிவுகள் கிடைக்கும்: உடற்பகுதிக்கு ஒன்று, கோபுரத்துக்கு ஒன்று. பின்னர் கட்டுமானக் கட்டங்களுக்கென்று (முதலில் கட்டியது, பின்னர் சீரமைத்தது என) தனி அட்டவணை ஒன்றை உருவாக்கி, ஒரு கோட்டுக்குப் பல கட்டங்கள் என்ற உறவில் இணைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் 'இதற்கு முன் இல்லை', 'இதற்குப் பின் இல்லை' என்று இரண்டு ஆண்டுகள் தேவை. அத்துடன் அந்த ஆண்டு வடிவத்துக்கு உரியதா, இன்று நிற்கும் கட்டுமானப் பொருளுக்கு உரியதா என்ற குறிப்பும், சான்றின் வகையும் (ஆவணம், பழைய ஓவியம், மதிலில் புதைந்த தடயம், ஊகம்) இடம்பெற வேண்டும். ஸ்காலிஜர் பாலத்தின் வடிவம் 1350-களுக்கு உரியது, நிற்கும் கட்டுமானம் 1951-இல் முடிந்தது. இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் பதியுங்கள். பரவலைக் காட்டும் படத்துக்கு வடிவத்தின் ஆண்டையும், இன்றைய நிலையைக் காட்டும் படத்துக்குப் பொருளின் ஆண்டையும் வடிகட்டிக்கொள்ளலாம். கியூஜிஐஎஸ் 3.14 முதல் உள்ள காலக் கட்டுப்பாட்டுக் கருவி தொடக்கம், முடிவு என்று இரண்டு புலங்களையும் ஏற்கும். ஆனால் அவை தேதி வகைப் புலங்களாக இருக்க வேண்டும். ஆண்டு வெறும் எண்ணாக இருந்தால், அதனுடன் சனவரி முதல் நாளைச் சேர்த்துத் தேதியாக மாற்றும் கணிப்புப் புலம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

மதில்வரைவு

கோடுகளாகப் பிரித்ததும் மாஸ்கோ மதில் 1485–1495 என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டது. வட இத்தாலிய வட்டாரங்களான லோம்பார்டியும் வெனெட்டோவும் முன்னால் வருகின்றன. தூரின் நகரில் 1884-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக, பியெமோந்தே வட்டாரத்துக் கோட்டைகளைப் பார்த்து அல்ஃப்ரெதோ தாந்திராதே குழுவினர் கட்டிய மத்தியகாலச் சிற்றூரை நீக்கிவிடலாமா?

மறுமொழி 4 (செங்கல்சுவடு)

நீக்க வேண்டாம். வடிவத்துக்கும் பொருளுக்கும் 1884 என்றே இட்டு, 'மாதிரியாகப் பயன்பட்ட கோட்டை' என்று ஒரு புலத்தைச் சேருங்கள். தாந்திராதே பின்னர் ஆவோஸ்தா பள்ளத்தாக்கின் ஃபேனிஸ் கோட்டையையும் சீரமைத்தார். எனவே அங்குள்ள ஞாயில் ஒன்று பழையதா அவர் காலத்ததா என்ற ஐயம் எழும்போது, ஆண்டு உறுதியாகத் தெரிந்த தூரின் கட்டுமானத்தின் செங்கல் அளவையும் கொம்பின் வளைவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவு உங்களுக்குத் தேவைப்படும்.