முன்பக்கம் "டக் டக்" சத்தம், அவசரம்

கரிசல்காடு:
வணக்கம். முன் சக்கரத்துப் பக்கம் டக் டக் என்று சத்தம் வருகிறது. போன ஞாயிறு நானே வேலை பார்த்தேன், அதற்கு முன் இப்படி இல்லை. எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கிவிட்டேன். நாளைக் காலை குடும்பத்தோடு திருச்செந்தூர் போகணும். சீக்கிரம் சொல்லுங்க.

நாலாவதுகியர்:
என்ன வண்டி? என்ன வேலை பார்த்தீங்க?

பழைய டீசல்:
சந்தேகமே வேண்டாம், சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு என்ற கம்பிதான். நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கரில் முதலில் சாவது அதுதான். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றிவிடுங்கள்.

நாலாவதுகியர்:
வண்டி பெயரே தெரியாமல் லிங்க் ராடா! சத்தம் மேடு பள்ளத்திலா, ஸ்டீயரிங் ஒடிக்கும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? ஒடிக்கும்போது மட்டும் கட கட என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். வேகம் கூடக் கூட ஊளையிட்டால் பேரிங்.

கரிசல்காடு:
ஸ்விஃப்ட். மேடு பள்ளத்தில்தான்.

மேனுவல் மணி:
மாடல், வருடம், ஓடிய கிலோமீட்டர் எழுதாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? "வேலை பார்த்தேன்" என்றால் என்ன, வெள்ளையடித்தீர்களா? எல்லா போல்ட்டையும் முறுக்கினேன் என்று படித்ததும் பகீரென்றது. காலிப்பரை, அதாவது பிரேக் பேட்டை அழுத்தும் பாகத்தைப் பிடித்திருக்கும் பின் போல்ட் சின்னது. வீல் நட் போல நினைத்து முறுக்கினால் மரை போய்விடும். எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் பிரேக் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

கரிசல்காடு:
2013, பெட்ரோல். முன் பிரேக் பேட் மாற்றினேன். வெள்ளையடிக்கவில்லை.

தனிச்சாலை:
பேட்தானா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஒரு சோதனை செய்யுங்கள். ஆள் நடமாட்டமில்லாத கரடுமுரடான தெருவில் 20 வேகத்தில் போங்கள். சத்தம் வரும்போது பிரேக் பெடலை லேசாகத் தொட்டபடியே ஓட்டுங்கள். வண்டி நிற்கக் கூடாது, பேட் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைத் தொட்டால் போதும். சத்தம் அடங்கினால் பேட் ஆடுகிறது. அடங்காவிட்டால் சஸ்பென்ஷனில் தேடலாம்.

பேட்டின் இரு முனைகளிலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காது உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டீல் கிளிப் ஒன்று உண்டு. பேட் மாற்றும்போது அது கழன்று கீழே விழும், துருப்பிடித்த குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் பேட் பிராக்கெட்டுக்குள் தளர்ந்து ஆடும். பிரேக் பிடிக்கும், ஆனால் பள்ளத்தில் தட்டும். அப்புறம், காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்னுக்கு என்ன கிரீஸ் போட்டீர்கள்?

கரிசல்காடு:
வீட்டில் இருந்த மஞ்சள் கிரீஸ்.

மேனுவல் மணி:
போச்சு. அது பெட்ரோலியக் கிரீஸ். பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் உறை (பூட்) ஊதிப் பெருத்துவிடும், பின் இறுகிவிடும். சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். மேனுவலில் இருக்கிறது, படிப்பவர்களுக்கு.

பழைய டீசல்:
இருபது வருஷமாக நான் மஞ்சள் கிரீஸ்தான் போடுகிறேன், ஒரு பூட்டும் ஊதவில்லை.

மேனுவல் மணி:
உள் பக்கத்து பேட்டை எப்போதாவது கழற்றிப் பார்த்ததுண்டா? பின் இறுகினால் அதுதான் முதலில் தேயும்.

பழைய டீசல்:
தேயத்தான் செய்கிறது. அது ரோட்டால்.

நாலாவதுகியர்:
ரோட்டுக்கும் உள் பேட்டுக்கும் என்ன சம்பந்தம் அண்ணே?

பழைய டீசல்:
தம்பி, வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்.

தனிச்சாலை:
கிரீஸ் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கரிசல்காடு, சோதித்துப் பார்த்தீங்களா? சந்தேகம் தீராவிட்டால் நாளைக்கு பஸ்ஸில் போங்கள். பிரேக்கில் ரிஸ்க் எடுக்க வேண்டாம்.

கரிசல்காடு:
பெடலைத் தொட்டதும் சத்தம் நிற்கிறது. இடது சக்கரம் கழற்றினேன், கீழ்க் கிளிப் இல்லை. பழைய பேட் போட்ட டப்பாவில் கிடந்தது. மாட்டியதும் சரியாகிவிட்டது. தூங்கப் போகிறேன், நன்றி.

நாலாவதுகியர்:
அருமை. அந்த மஞ்சள் கிரீஸைத் துடைத்தீங்களா?

பழைய டீசல்:
திரும்பி வந்ததும் லிங்க் ராடையும் ஒரு பார்வை பாருங்க.

மேனுவல் மணி:
கிரீஸைத் துடைத்தாரா என்று கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்லவும்.