ரீப்பர்: லூப்பில் பாடினால் முதல் எழுத்து அறுந்துபோகிறது

கேள்வி:
தங்கை பாடும் ஒரு சரணத்தை ரீப்பர் 7 என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்கிறேன். ஆதி தாளம் (சுற்றுக்கு எட்டு அடி), வேகம் நிமிடத்துக்கு 80 அடி, சம எடுப்பு (பாட்டு சுற்றின் முதல் அடியிலேயே தொடங்கும்). நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தேர்ந்து, ரிப்பீட் போட்டு, அவளைப் பாடவிட்டேன். பதினோரு முறை பாடினாள். கேட்டால், டேக் (ஒரு முறை பாடிய பதிவு) ஒவ்வொன்றிலும் எடுப்புக்கு முந்தைய மூச்சு இல்லை, முதல் எழுத்தும் பாதிதான் இருக்கிறது. மேலே தெரிவதோ அவள் பாதியில் நிறுத்திய கடைசி டேக். ஏழாவது முறை அவ்வளவு உருக்கமாகப் பாடியிருந்தாள். அது போய்விட்டதா?

பதில்:
போகவில்லை. டி விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு டேக்காக வரும். அமைப்பை நீங்கள் மாற்றாதிருந்தால், பாடிய எல்லா முறையும் ஒரே கோப்பில்தான் பதிவாகியிருக்கும். ஏழாவதின் மூச்சு ஆறாவதின் வாலில் இருக்கிறது. டேக்குகளைத் தனித்தனி ட்ராக்குகளாகப் பிரித்து, ஏழாவதின் இடது விளிம்பை இழுத்துப் பாருங்கள்.

அடுத்த முறை லூப்பை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஆறு ஆவர்த்தனமாக வையுங்கள். இந்த வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் 6 விநாடி. ஆக ஒரு முறை பாடி முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் தங்கைக்கு 12 விநாடி கிடைக்கும். கடைசிக் கார்வையும் (நீட்டிப் பாடும் ஸ்வரமும்) முழுதாக அடங்கும். அப்புறம், பதினொன்று அதிகம். நான்கைந்து பாடியதும் நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், குரல் பாவம்.

இன்னொரு பதில்:
டேக்குகளை ஒட்டும்போது கமகத்தின் (ஸ்வர அசைவின்) நடுவில் வெட்டாதீர்கள். க்க, த்த, ப்ப வரும் சொல்லைத் தேடுங்கள். 'பக்கம்' என்று பாடினால் க்-கில் ஒரு கணம் குரல் அடைபடும், அலைவடிவத்தில் அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியும். அங்கே எஸ் விசையால் பிரித்து, சின்னதாக ஒரு கிராஸ்ஃபேட் (ஒன்று தேயத் தேய மற்றது எழும் கலப்பு) கொடுங்கள். ம்ம, ன்ன இடங்களில் குரல் தொடர்ந்து ஓடுவதால் ஒட்டு கேட்டுவிடும். தம்புராவை ஹெட்ஃபோனில் மட்டும் கொடுங்கள். அது மைக்கில் கசிந்திருந்தால் எங்கே வெட்டினாலும் தெரியும்.

கேட்டவர்:
விளிம்பை இழுத்ததும் மூச்சு வந்துவிட்டது! முதல் இரண்டு ஆவர்த்தனம் ஏழாவதிலிருந்தும் மீதி மூன்றாவதிலிருந்தும் எடுத்து, ஒரு 'த்த'வில் சேர்த்தேன். பாடியவளுக்கே ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. மிக்க நன்றி. மற்ற டேக்குகளை அழித்துவிடலாமா?

பதில்:
இப்போது வேண்டாம். தேர்ந்த டேக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திரையிலிருந்து நீக்கினாலும் கோப்பு வட்டில் அப்படியே இருக்கும். ஆனால் ப்ராஜெக்ட் கோப்புறையைச் சுத்தம் செய்யும் கட்டளையை மட்டும் மிக்ஸிங் முடியும்வரை தொடாதீர்கள்.