1998: ஆசிய நாணய நெருக்கடியும் சிப் துறையின் மீட்சி குறித்த ஐயமும்

கேள்வி:
தாய்லாந்து 1997 ஜூலை 2 அன்று பாட் நாணயத்தை மிதக்கவிட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்க விட்டது. அதில் தொடங்கிய நெருக்கடி பரவ, அவ்வாண்டு முடிவதற்குள் தென் கொரியாவின் நாணயமான வோன், டாலருக்கு ஏறத்தாழ 900 என்ற நிலையிலிருந்து 2,000-ஐ நெருங்கும் அளவுக்குச் சரிந்தது. சிப்புகளை டாலரில் விற்றுக் கூலியை வோனில் கொடுக்கும் நிறுவனங்களுக்கு இது ஆதாயமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? பிறகு ஏன் 1998-இல் முதலீட்டாளர்கள் குறைக்கடத்தித் (சிப்) துறை மீளும் என்பதை நம்ப மறுத்தார்கள்?

முதல் பதில்:
கூலியை மட்டும் பார்த்தால் உங்கள் கணக்கு சரிதான். ஆனால் நினைவகச் சிப் ஆலையில் கூலி சிறு பங்குதான். சிப்புகளைச் செதுக்கும் மெல்லிய சிலிக்கான் தகடுகளான வேஃபர்களில் ஒரு பகுதி ஜப்பானிலிருந்தும், இயந்திரங்கள் ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தன, அவற்றுக்காக வாங்கிய கடனும் பெரும்பாலும் அந்நியச் செலாவணியில் இருந்தது. வோனின் மதிப்பு பாதியானால், அந்தக் கடன் வோன் கணக்கில் இரட்டிப்பாகும். தவிர, நெருக்கடிக்கு முன்பே சந்தை நொந்துபோயிருந்தது: 1995 இறுதியில் 50 டாலர் அளவில் விற்ற 16 மெகாபிட் டிராம் (DRAM, கணினிகளில் பயன்படும் நினைவகச் சிப்), ஓராண்டுக்குள் 10 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. தவணை கட்ட டாலர் தேடுகிறவர் நல்ல விலைக்குக் காத்திருக்காமல் கிடைத்த விலைக்குச் சரக்கைத் தள்ளிவிடுவார், அதனால் விலை இன்னும் இறங்கும் என்பதே பலருடைய அச்சம்.

இரண்டாம் பதில்:
அச்சம் நியாயமானதுதான்; ஆனால் அது விற்பனையை மட்டும் பார்த்தது, முதலீட்டைப் பார்க்கவில்லை. உலக சிப் விற்பனை 1997-இல் சுமார் 13,700 கோடி டாலராக இருந்து, 1998-இல் சுமார் 12,560 கோடியாகக் குறைந்தது உண்மை. அதே வேளையில் கடன் கிடைக்காத நிறுவனங்கள் புதிய ஆலைகளை ஒத்திவைத்தன. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் நினைவகச் சிப் தொழிலை, இன்னொரு அமெரிக்க நிறுவனமான மைக்ரானுக்கு விற்றுவிட்டு அத்தொழிலிலிருந்து வெளியேறியது. இன்று கட்டாமல் விட்ட ஆலையின் விளைவு ஓரிரு ஆண்டுகள் கழித்தே தட்டுப்பாடாகத் தெரியும் (காலாண்டு முடிவுகளையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது). 2000-இல் விற்பனை 20,000 கோடி டாலரைத் தாண்டியது.

கேட்டவர்:
அப்படியானால் ஐயப்பட்டவர்கள் தவறிழைத்தார்கள் என்று கொள்ளலாமா?

முதல் பதில் அளித்தவர்:
துறை முழுவதையும் ஒன்றாக எடைபோட்டவர்கள் தவறினார்கள்; கடன் சுமையை நிறுவனம் நிறுவனமாகப் பிரித்துப் பார்த்தவர்கள் தவறவில்லை. 1999-இல் எல்ஜி செமிகான் என்ற கொரியச் சிப் நிறுவனத்தை வாங்கிய அந்நாட்டுப் போட்டி நிறுவனம் ஹூண்டாய் எலக்ட்ரானிக்ஸ், 2000-இன் ஏற்றத்திலும் தன் கடன் சுமையிலிருந்து மீள முடியாமல், 2001-இல் ஹைனிக்ஸ் என்ற பெயருடன் கடன் கொடுத்த வங்கிகளின் பிடிக்குள் சென்றது.