மறு: சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ரோஸ்ஹில்லிலிருந்து:
வணக்கம். வகுப்புக் குறிப்பு ஒரே சொல்லுக்காக நிற்கிறது. பிள்ளைகள் எச்டிஎம்எக்ஸ் என்ற நிரல் நூலகத்தை வைத்து வலைப்பக்கத்தில் ஒரு பொத்தான் செய்தார்கள். அதில் ‘எச்எக்ஸ்-கெட்’ (hx-get) என்ற பண்பை எழுதினால் வேலை செய்கிறது. ஆனால் வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லின் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பியில் போட்டால், இந்தப் பண்புக்கு இங்கே அனுமதி இல்லை என்கிறது. முன்னால் ‘டேட்டா-’ (data-) சேர்த்தால் பிழை போய்விடும். பொத்தானின் நான்கு பண்புக்கும் சேர்த்து இருபது எழுத்து கூடும். “எதை எழுதட்டும் மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். விதியை அப்படியே கடைப்பிடிப்பதற்குப் பெயர் என்ன? இப்போதைக்குக் ‘கறார் இணக்கம்’ என்று வைத்திருக்கிறேன்.

மோக்காவிலிருந்து:
அம்மா, கறார் வேண்டாம், அது உருதுவழி வந்தது. இணக்கமும் பொருந்தாது. இணங்குவது என்றால் விட்டுக்கொடுத்துப் போவது. செந்தரம், அதாவது எல்லாரும் பின்பற்ற வகுத்த விதித்தொகுப்பு, யாருக்கு விட்டுக்கொடுக்கும்? நன்னூல் படித்தவர்களுக்குச் சொல் கையிலேயே இருக்கிறது: வழாநிலை, பிழையில்லாமல் விதிப்படி நிற்பது. வழு, வழுக்கு, வழுக்கை, வழுவழுப்பு எல்லாம் ஒரே வேர். கால் வழுக்காமல் நிற்பதுதான் வழாநிலை. மறுபக்கம் வழுவமைதி, பிழையானாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வது. ஒரு பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழு. உவப்பினால் சொன்னது என்று இலக்கணம் அதை அமைத்துக்கொள்கிறது. எச்டிஎம்எல்5 செய்வதும் அதுதான். பிழை என்று சொல்லிவிட்டு, அந்தப் பிழையை உலாவி எப்படிப் படிக்க வேண்டும் என்றும் தானே விதிக்கிறது. ‘டேட்டா-’ வழுவமைதிகூட இல்லை, புறனடை, விதியே தனியாக இடம் கொடுத்தது.

கியூர்பிப்பிலிருந்து:
ஐயா, கணினித் தமிழில் வழு என்றால் பக் (bug), நிரல் தப்பாக வேலை செய்ய வைக்கும் பிழை. வழாநிலை என்றால் பக் இல்லாத நிரல் என்றுதான் படிப்பார்கள். அந்தப் பொத்தானில் பக் எதுவும் இல்லையே. கடுமை எங்கே கொண்டுபோய் விட்டது என்றும் பார்த்தோம். 2000இல் வந்த எக்ஸ்எச்டிஎம்எல்லை, அதாவது எச்டிஎம்எல்லின் கடுமையான வடிவத்தை, எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான வகையாகவே அனுப்பினால், ஓர் ஒட்டு (tag) மூடாமல் விட்டாலும் உலாவி பிழைச் செய்தி காட்டும். அதன் இரண்டாம் பதிப்பு வேலையை நிறுத்துவதாக 2009இல், வலைச் செந்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அறிவித்தது. நம் மொரீசியசின் கிரியோல் மொழிக்கே 2011இல்தான் அதிகாரபூர்வ எழுத்துமுறை வந்தது. அதற்கு முன் காதில் விழுந்தபடி எழுதினோம், புரியாமலா போனது? எனக்கு ‘விதி இணக்கம்’ போதும்.

மோக்காவிலிருந்து:
புரிவது வேறு, விதிப்படி இருப்பது வேறு, தம்பி. நாளை செந்தரமே அதே பெயரில் ஒரு பண்பைக் கொண்டுவந்தால் உங்கள் பொத்தான் என்ன ஆகும்? ‘டேட்டா-’ என்று தொடங்கும் பெயரைச் செந்தரம் தனக்கு எடுத்துக்கொள்ளாது. அந்த இருபது எழுத்துக்கு விலை அதுதான்.

ரோஸ்ஹில்லிலிருந்து:
ஐயா, அந்தக் காரணத்தை அப்படியே குறிப்பில் சேர்த்துவிட்டேன். வழாநிலையை நேற்றுப் பலகையில் எழுதிப் பார்த்தேன். கேள்வி கேட்ட அதே பெண் ‘விழாநிலை’ என்று படித்தாள். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளை, அவளைக் குறை சொல்ல முடியாது. கியூர்பிப்பிலிருந்து வந்த ‘விதி இணக்கம்’ சரி, அதையே அச்சிடுகிறேன். வழுவமைதியை மட்டும் விட மனமில்லை. பசு உதாரணம் சொன்னதும் வகுப்புக்கு உடனே புரிந்தது.

மோக்காவிலிருந்து:
அச்சிடுங்கள் அம்மா. அடிக்குறிப்பிலாவது வழாநிலை இருக்கட்டும். இணக்கத்தை நான் இன்னும் ஏற்கவில்லை.