காப்புரிமையில் தாளாளர் பெயர் வேண்டுமாம், மாணவி பெயர் வேண்டாமாம்

வாலாஜா வாத்தியார் (கேள்வி):
ராணிப்பேட்டை பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சிப்காட்டில் பல வருடமாகக் கிடக்கிறதே குரோமியக் கழிவு மேடு, அதன் அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வைத்து என் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி ப்ராஜெக்ட் செய்தாள். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது. இங்கே சில கிணறுகளில் தண்ணீரே மஞ்சள். புளியங்கொட்டைப் பொடியை அமிலத்தில் ஊறவைத்து, அதைக் கொண்டு ஒரு வடிகட்டி செய்தோம். பொடி ஊறி அடைத்துக்கொண்டது, தண்ணீர் இறங்கவில்லை. நடுநடுவே மணல் அடுக்கு போடலாம் என்றது அவள்தான். குரோமியத்தைக் காட்டிக்கொடுக்கும் டைஃபீனைல் கார்பசைடு விட்டதும் ஊதாவாக மாறிய தண்ணீர், வடிகட்டியில் இறங்கி வந்த பிறகு நிறமே காட்டவில்லை.

இப்போது காப்புரிமைக்குப் போடச் சொல்கிறார் துறைத்தலைவர். கண்டுபிடிப்பாளர்கள்: தாளாளர், முதல்வர், அவர், கடைசியில் நான். "அந்தப் பொண்ணுதான் படிச்சு முடிச்சுட்டுப் போயிடுச்சே சார்" என்கிறார். மறுத்தால் இன்கிரிமென்ட் நிற்கும். அவரும் கெட்டவரில்லை, என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்லூரித் தரவரிசைக்கு எண்ணிக்கை காட்ட மேலிருந்து அவரைப் பிடுங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

குடியாத்தம் ரிட்டயர்டு:
தம்பி, முதலில் அந்தப் பெண்ணின் லேப் நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். மணல் அடுக்கு பற்றி அவள் எழுதிய பக்கத்தில் தேதி இருக்கிறதா? நான் துறைத்தலைவராக இருந்தபோது, யார் பெயர் எங்கே வரும் என்பதை ப்ராஜெக்ட் தொடங்கும் அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

ஃபார்ம் ஒன்று (காப்புரிமை முகவர்):
1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் விண்ணப்பதாரர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. கல்லூரி விண்ணப்பதாரராக இருக்கலாம், கல்வி நிறுவனம் என்பதால் 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகையும் உண்டு. தாளாளர் கண்டுபிடிப்பாளராக வேண்டிய அவசியமே இல்லை. விடுபட்டவர், காப்புரிமை வழங்கப்படும் முன் பிரிவு 28-இன்படி தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்று. புளியங்கொட்டை குரோமியத்தை ஈர்க்கும் என்று ஏற்கெனவே எத்தனையோ கட்டுரைகள் வந்தாயிற்று. உங்களிடம் புதிதாக ஏதாவது இருந்தால் அது அந்த மணல் அடுக்குதான். அதைச் சொன்னவளை எடுத்துவிட்டு எதற்கு உரிமை கேட்பீர்கள்? அப்புறம், அவள் ஆய்வேடு வெளியார் பார்க்கும்படி நூலகத்துக்குப் போய்விட்டதா? போயிருந்தால் புதுமையே அடிபடும்.

ஆம்பூர் கெஸ்ட் லெக்சரர்:
சட்டமெல்லாம் சரி சார், வேலை போனால் யார் தருவார்கள்? வாயால் பேசாமல் மெயிலில் பணிவாகக் கேளுங்கள்: "தாளாளரின் பங்களிப்பு என்று எதை எழுதட்டும்?" எங்கள் துறையில் ஒருவர் இப்படிக் கேட்டார், இன்றுவரை பதில் வரவில்லை.

வாலாஜா வாத்தியார்:
நன்றி. ஆய்வேடு இன்னும் துறை அலமாரியில்தான் இருக்கிறது. முகவர் சொன்னதைக் காட்டினேன். மாணவி பெயர் சேர்ந்தது. தாளாளர், முதல்வர் பெயர்களை எடுத்துவிட்டுக் கல்லூரியை விண்ணப்பதாரராகப் போடச் சம்மதம். தன் பெயரை எடுக்க மட்டும் துறைத்தலைவருக்கு மனசில்லை. அந்த மெயிலை அவருக்கே எழுதப் போகிறேன்.